முதுகில் ஊசி சுமக்கும் குளவி

ரோஜாச் செடி வளர்க்கும் வீடுகளில் இலையோரங்கள் அரைவட்டமாகக் கத்தரிக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இலைவெட்டித் தேனீயின் வேலை அது. வெட்டிய துண்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு பறந்து, ஜன்னல் சட்டத்தில் திருகாணி கழன்ற துளை, பந்தல் மூங்கிலின் வெட்டுவாய், சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை என்று ஏதாவது ஒன்றுக்குள் அது நுழையும். உள்ளே இலைத் துண்டுகளைச் சுருட்டி அறை அமைக்கும். மகரந்தத்தையும் தேனையும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு மூடும். பிறகு அடுத்த அறை. துளை நிரம்பியதும் வாயை இலைத் துண்டுகளால் அடைத்துவிட்டுத் தாய்த் தேனீ போய்விடும், திரும்பி வராது.

அடைத்த அந்தத் துளையைத் தேடிப் பின்னால் இன்னொரு பூச்சி வருகிறது. நீளம் ஏறக்குறைய 1 செ.மீ. கறுப்பு உடல், குறுக்கே மஞ்சள் பட்டைகள், நீளவாக்கில் மடித்து வைத்த மங்கலான இறக்கைகள். பார்த்தவுடன் கொட்டும் குளவி என்றே தோன்றும். துடைப்பத்துக்குக் கை போகும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அதன் நடமாட்டம் வேறு மாதிரி இருப்பது தெரியும். அது கூடு கட்ட மண் கொண்டுவரவில்லை, இரை எதையும் தூக்கி வரவுமில்லை. உணர்கொம்புகள் இரண்டையும் கீழே வளைத்து மரச்சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி, நாலு விரற்கடை தூரத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய்வருகிறது. ஓரிடத்தில் நிற்கிறது. பின்பக்கத்தை உயர்த்துகிறது. அதுவரை முதுகின்மேல் வளைந்து படிந்திருந்த மெல்லிய கம்பி ஒன்று பிரிந்து, கால்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கி மரத்தைத் தொடுகிறது.

அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வந்திருப்பது லியூகோஸ்பிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் குளவி. அது துளையிடுவது மரத்துக்காக அல்ல. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் தேனீப் புழுவுக்காக.

இப்படி ஒரு குளவி கண்ணில் பட்டால் அதை இனங்காண்பது எப்படி? முதலில், அது எதுவாக இருக்க முடியாது என்று பார்த்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். மஞ்சள் கறுப்புப் பட்டைகளும் நீளவாக்கில் மடிந்த இறக்கைகளும் கூட்டமாக வாழும் கொட்டும் குளவிகளுக்கு உரியவை. லியூகோஸ்பிஸ் அந்த இரண்டையுமே அப்படியே வைத்திருப்பதால்தான் பார்ப்பவர் ஏமாறுகிறார். பறவைகளும் ஏமாறுகின்றன என்று கருதப்படுகிறது. ஆகவே நிறத்தை நம்பக் கூடாது. பூச்சிகளை இனங்காண்பதில் நிறம்தான் முதலில் கண்ணில் படும், முதலில் ஏமாற்றுவதும் அதுதான்.

அடுத்து பின்னங்கால். லியூகோஸ்பிஸின் பின்னந்தொடை அதன் உடலுக்குச் சற்றும் பொருந்தாத பருமனில் வீங்கி, தட்டையான முட்டை வடிவில் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி இருந்தால் தொடையின் அடிவிளிம்பில் வரிசையாகப் பற்கள் தெரியும். கொட்டும் குளவிகளுக்கு இப்படிப்பட்ட தொடை கிடையாது. கால்சிட் எனப்படும் பெருங்குழுவில் சில குடும்பங்களுக்கு மட்டுமே உண்டு. அந்தக் குழுவின் இறக்கையிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. கொட்டும் குளவியின் இறக்கையில் நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். கால்சிட் இறக்கையில் முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு நரம்பு ஓடும், மற்ற இடமெல்லாம் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். லியூகோஸ்பிஸ் உட்கார்ந்திருக்கும்போது இறக்கை மடிந்திருப்பதால் இதைப் பார்ப்பது கடினம். பறக்கத் தயாராகும் அந்த ஒரு நொடியில் எடுத்த புகைப்படம் கிடைத்தால் அது புதையல்.

வீங்கிய தொடை மட்டும் போதாது. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அதைவிட அதிகம் காணக்கூடிய பிராக்கிமேரியா என்ற குளவிக்கும் அதே தொடைதான். பிராக்கிமேரியா வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களைத் தேடிப் போவது. குட்டையானது, கறுத்தது, தொடையிலும் காலிலும் மட்டும் மஞ்சளோ வெள்ளையோ தீற்றியிருக்கும். தென்னையில் கருந்தலைப் புழு தாக்கும்போது அந்தப் புழுவின் கூட்டுப்புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணிகளில் பிராக்கிமேரியாவும் உண்டு. இரண்டையும் பிரிப்பது முதுகு. பிராக்கிமேரியாவின் முதுகில் ஊசி கிடையாது. லியூகோஸ்பிஸ் பெண்ணின் வயிற்றுப் பகுதி மேல்புறத்தில், நடுக்கோட்டில் ஒரு பள்ளம் ஓடுகிறது. முட்டையிடும் ஊசி வயிற்றின் அடியில் தொடங்கி, நுனியைச் சுற்றி வளைந்து மேலேறி, அந்தப் பள்ளத்தில் படிந்து கிடக்கிறது. சில இனங்களில் ஊசியின் முனை மார்புப் பகுதியையே தொடும். மடிந்த இறக்கை, வீங்கிய தொடை, முதுகில் ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு குடும்பத்தை நினைக்க வேண்டியதே இல்லை.

ஆண் குளவிக்கு ஊசி இல்லை என்பதால் அதை இனங்காண்பது சற்றுச் சிரமம். அதன் வயிற்றுத் தட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுபோல இறுகியிருக்கும் என்பதுதான் உதவிக்கு வரும் அடையாளம்.

இந்தப் பேரினத்துக்கு 1775இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேப்ரீஷியஸ், லின்னேயஸின் மாணவர். அவரது மேசைக்குப் போய்ச் சேர்ந்த இந்தியப் பூச்சிகளில் பெரும்பங்கு தரங்கம்பாடியிலிருந்து போனது. டேனியக் குடியேற்றமாக இருந்த அந்தக் கடற்கரை ஊரில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பணியாற்றிய கோனிக் போன்றவர்கள் பிடித்துக் காயவைத்து அனுப்பிய வண்டுகள், குளவிகள், வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் அறிவியல் பெயர்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. சோழநாட்டுக் கடற்கரையின் பூச்சிகள் ஐரோப்பிய அறிவியலுக்கு இவ்வளவு சீக்கிரம் அறிமுகமாகியும், அவற்றில் எது எதன்மேல் வளர்கிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படவே இல்லை. ஊசியில் குத்திக் கப்பலேற்றிய பூச்சி தன் வாழ்க்கையைச் சொல்லாது.

பேரினம் வரை ஒரு நல்ல புகைப்படம் கொண்டுபோய்விடும். அதற்குமேல் சிற்றினத்தைச் சொல்ல வேண்டுமானால் வேலை கூடுகிறது. லியூகோஸ்பிஸ் அடங்கிய லியூகோஸ்பிட் குடும்பத்தில் உலகம் முழுவதும் சேர்த்து 130 இனங்களுக்குமேல் பெயரிடப்பட்டுள்ளன. செக் நாட்டுப் பூச்சியியலாளர் பொவ்ச்செக் 1974இல் வெளியிட்ட உலகளாவிய திறனாய்வு இன்றும் அந்தக் குடும்பத்துக்கு அடிப்படை. தொடையின் பற்கள் எத்தனை, முதல் பல் எவ்வளவு பெரியது, மார்பின் மேல்தட்டில் உள்ள குழிகள் நெருக்கமா அகலமா, ஊசி எதுவரை நீள்கிறது, மஞ்சள் பட்டை உடைந்திருக்கிறதா முழுதாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கிளை பிரித்துக்கொண்டு போக வேண்டும். பொவ்ச்செக்குடன் சேர்ந்து இந்திய கால்சிட் குளவிகளை ஆராய்ந்தவர்களில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் டி.சி. நரேந்திரன் முக்கியமானவர். வாழ்நாள் முழுவதும் இந்தச் சிறிய குளவிகளுக்கே செலவிட்ட அவர் 2013இல் மறைந்தார். அவர் விவரித்த புதிய இனங்கள் நூற்றுக்கணக்கானவை. பயிற்றுவித்த மாணவர்கள் இன்று பல ஆய்வகங்களில் இருக்கிறார்கள். ஒரு தெற்காசியக் குளவியின் பெயரை உறுதிசெய்ய லண்டனுக்குப் பொட்டலம் அனுப்பிக் காத்திருக்க வேண்டிய நிலையை மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் பற்களை எண்ணி முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தக் குளவி யாருடைய பிள்ளையைத் தின்று வளர்ந்தது? ஒட்டுண்ணிக் குளவியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கிடைக்கும் பெயர் பாதிப் பெயர்தான்.

உண்ணி, குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகள் தாம் வாழும் உடலைக் கூடியவரை உயிரோடு வைத்திருக்கும். ஒட்டுண்ணிக் குளவி அப்படியல்ல. அதன் புழு எந்த உயிரில் வளர்கிறதோ அந்த ஓம்புயிரி கட்டாயம் செத்துப்போகும். வளர்ந்த குளவி பெரும்பாலும் தேனையோ இலையில் சொட்டும் இனிப்பு நீரையோ குடித்து வாழ்ந்து போகிறது. கொலை எல்லாம் குழந்தைப் பருவத்தில்தான். ஓர் ஓம்புயிரிக்கு ஒரு குளவி என்ற கணக்கில் வளரும் இனங்கள் உண்டு, ஒரே கூட்டுப்புழுவிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளிவரும் இனங்களும் உண்டு. அளவிலும் வேறுபாடு பெரிது: அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கண்டறியப்பட்டு 1997இல் விவரிக்கப்பட்ட ஒரு குளவியின் ஆண் 0.139 மி.மீ. நீளமே உள்ளது, வளர்ந்த பூச்சிகளில் அளந்தறிந்தவற்றுள் அதைவிடச் சிறியது இல்லை.

லியூகோஸ்பிஸின் வாழ்க்கையை முதலில் உட்கார்ந்து பார்த்தவர் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ர். தெற்கு பிரான்சில் செரிஞான் என்ற ஊரில் 1879இல் அவர் வாங்கிய வீடும் கல்லும் முள்ளுமான தோட்டமும்தான் அவரது ஆய்வகம். ‘பூச்சியியல் நினைவுகள்’ என்ற அவரது நூல்வரிசையின் மூன்றாம் தொகுதியில், 1886இல், லியூகோஸ்பிஸ் கைகாஸ் என்ற பெரிய இனத்தைப் பற்றி எழுதுகிறார். அங்கே அதன் ஓம்புயிரி கல்லின்மேல் மண்ணும் உமிழ்நீரும் குழைத்துக் கட்டும் கொத்துத் தேனீ. காய்ந்தபின் அந்தக் கூடு சிமெண்டுக்குச் சமமான கெட்டி. முடியைவிடச் சற்றே தடித்த ஊசியால் குளவி அந்தச் சுவரை நெடுநேரம் துளைத்து, உள்ளே ஒரு முட்டையை இறக்குகிறது.

ஃபாப்ர் அதோடு நிற்கவில்லை. குளவி துளைத்த அறைகளைத் திறந்து பார்த்தார். சிலவற்றில் ஒரு முட்டைக்குமேல் இருந்தது. ஒரு தேனீப் புழுவைக் கொண்டு ஒரு குளவிதான் வளர முடியும். அப்படியிருக்க ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் ஏன்? வெவ்வேறு குளவிகள் வந்து அதே அறையில் இட்டுப்போனவை அவை. ஏற்கெனவே ஒருத்தி இட்டுவிட்டாள் என்பதை அடுத்தவள் அறியவில்லை. கணக்கு உள்ளே தீர்க்கப்படுகிறது. முதலில் பொரிக்கும் புழு, பின்னால் வளரும் கொழுத்த காலற்ற புழுவின் சாயலே இல்லாத மெலிந்த, நகரக்கூடிய உருவத்தில் இருக்கிறது. தேனீப் புழுவின்மேல் ஊர்ந்து மற்ற முட்டைகளைத் தேடி அழிக்கிறது. போட்டி ஒழிந்த பிறகே தோலுரித்து, ஊர்வதை நிறுத்தி, சாப்பிடத் தொடங்குகிறது. இதையெல்லாம் அவர் கண்டறிந்தது பூதக்கண்ணாடியும் பொறுமையும் கொண்டுதான். டார்வின் அவரை ஒப்பற்ற கூர்நோக்கர் என்று ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலிலேயே பாராட்டியிருக்கிறார்.

இவ்வளவு மெல்லிய ஊசி மரத்தையும் மண்ணையும் எப்படித் துளைக்கிறது என்பது பொறியாளர்களையும் ஈர்த்த கேள்வி. ஊசி ஒற்றைக் கம்பி அல்ல. ஒன்றையொன்று பற்றி வழுக்கும் மூன்று பகுதிகள் சேர்ந்தது. ஒரு பகுதி பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று முன்னேறும். பிறகு அது பிடிக்க, முதலாவது முன்னேறும். மேலிருந்து அழுத்தினால் வளைந்து ஒடிந்துவிடக்கூடிய ஊசி, இந்த மாறிமாறி இழுக்கும் முறையால் ஒடியாமல் இறங்குகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலிருந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று அத்திக் காய்க்குள் வெளியிலிருந்தே முட்டையிடும் ஓர் ஒட்டுண்ணிக் குளவியின் ஊசியை எடுத்துக்கொண்டது. நம் ஊர் ஆற்றங்கரைகளில் நிற்கும் அதே அத்தி மரத்தின் குளவிதான். அதன் ஊசி முனையின் பற்களில் துத்தநாகம் செறிந்திருப்பதை அந்த ஆய்வு கண்டது. உலோகம் ஏற்றிய பல்லை ஒரு குளவி தன் உடலிலேயே வளர்த்துக்கொள்கிறது.

இந்த ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். லியூகோஸ்பிஸ் மனிதரைக் கொட்டுவதில்லை. இரவில் விளக்கைத் தேடி வரும் செம்பழுப்பு நிற இக்நியூமன் என்ற ஒட்டுண்ணிக் குளவிகளில் சில, கையில் பிடித்தால் குத்தும். அவையும் தாமாக வந்து தாக்குவதில்லை. குளியலறைச் சுவரில் கறுப்பாக, கோடரி வடிவச் சிறு வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு திரியும் இவானியா என்ற குளவி கரப்பான்பூச்சியின் முட்டைப்பைக்குள் வளர்வது. அது வீட்டில் தென்பட்டால் கரப்பான் எங்கோ முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கூட்டைக் கலைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையின் நிழலில் பல தலைமுறைக் குளவிகள் பிழைத்திருக்கின்றன.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் எத்தனை ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கும்? இந்தக் கேள்விக்கு உலகிலேயே மிகப் பொறுமையான விடையைத் தேடியவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழ்ந்த விலங்கியலாளர் ஜெனிஃபர் ஓவன். அவரது தோட்டம் 741 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 18 சென்ட். புல்தரை, பூச்செடிகள், காய்கறிப் பாத்தி, சிறு குளம் என்று எந்த ஆங்கிலேயப் புறநகர் வீட்டிலும் இருக்கக்கூடிய தோட்டம். 1972 முதல் 2001 வரை 30 ஆண்டுகள் அதில் வந்து போன உயிர்களை அவர் பதிவு செய்தார். இடையில் தண்டுவட மரப்பு நோய் அவரைத் தாக்கியது, பதிவு நிற்கவில்லை. 2010இல் வெளியான நூலில் அவர் தந்த மொத்தக் கணக்கு 2,673 இனங்கள். அவற்றில் 1,997 பூச்சிகள்.

குளவிகளைப் பிடிக்க அவர் பயன்படுத்தியது கூடார வடிவிலான மாலேஸ் பொறி. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மாலேஸ், தம் பயணங்களின்போது கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் கூரையை நோக்கியே ஏறி மூலையில் சேர்வதைக் கவனித்து 1930களில் உருவாக்கிய பொறி அது. மூலையில் ஒரு குப்பியைப் பொருத்திவிட்டால் பூச்சிகள் தாமே அதில் போய் விழும். அந்தப் பொறியை மேம்படுத்திய அமெரிக்கரான ஹென்றி டவுன்ஸ்தான் ஓவனின் இக்நியூமன் குளவிகளுக்கும் பெயர் சொன்னார். இருவரும் மார்ஜரி டவுன்ஸும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 1981இல் வந்தது. அந்த 18 சென்ட் நிலத்தில் இக்நியூமன் குடும்பத்தில் மட்டும் கடைசியில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் கிடைத்தன. பிரிட்டன் முழுவதற்கும் அறியப்பட்டவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அது. பிரிட்டனில் அதுவரை பதிவாகாதவையும், எந்த நாட்டிலும் எவரும் விவரித்திராதவையும் அதில் இருந்தன. காட்டுக்கோ மலைக்கோ போகாமல், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் கண்டெடுத்த புதிய இனங்கள்.

பிரிட்டன் உலகிலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட நாடுகளில் ஒன்று. அங்கே நிலைமை இப்படியென்றால், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் அவரைப் பந்தலும் உள்ள கொல்லையில் பெயரில்லாக் குளவி கிடைப்பது அதிசயமே அல்ல. ஆண்ட்ரூ ஃபோர்ப்ஸும் சக ஆய்வாளர்களும் 2018இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சில ஓம்புயிரிப் பூச்சிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எத்தனை தனித்த ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளன என்று எண்ணி, அதை விரித்துப் பார்த்தார்கள். உலகில் அதிக இனங்கள் கொண்ட உயிர்க்குழு வண்டுகள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது தவறாக இருக்கலாம், குளவி, தேனீ, எறும்பு சேர்ந்த வரிசையில் வண்டுகளைவிட 2.5 முதல் 3.2 மடங்கு வரை இனங்கள் இருக்கக்கூடும் என்பது அவர்களது முடிவு. கவனிக்க வேண்டியது, அந்தக் கணக்கு குளவிகளை எண்ணித் தொடங்கவில்லை. யார் யார்மேல் வளர்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கியது.

பெயரைத் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள் சாட்சி. அங்கே சிவப்புச் செதில் பூச்சி பெரும் நாசம் செய்தது. அதன்மேல் வளரும் அஃபைட்டிஸ் என்ற மஞ்சள் குளவி ஒன்று ஏற்கெனவே தோப்புகளில் இருந்தது. ஆனால் அதனால் பூச்சியை அடக்க முடியவில்லை. ஆசியாவிலும் செதில் பூச்சியின்மேல் அஃபைட்டிஸ் குளவிகள் இருந்தன. 1 மி.மீ. அளவுள்ள அந்த மஞ்சள் உருவங்கள் கலிஃபோர்னியாவில் இருந்ததைப் போலவே தெரிந்ததால், அதே இனம்தான், கொண்டுவந்து பயனில்லை என்று பல பத்தாண்டுகள் விட்டுவிட்டார்கள். 1940களின் இறுதியில்தான் அவை வேறு வேறு இனங்கள் என்று தெளிவானது. வளர்ந்த குளவியில் பிடிபடாத வேறுபாடு, அதன் கூட்டுப்புழுப் பருவத்தில் உடலில் தெரியும் கறுப்பு நிறத்தின் அமைப்பில் வெளிப்பட்டது. பால் டிபாக் 1959இல் பெயரிட்ட அஃபைட்டிஸ் மெலினஸ், இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கொண்டுபோகப்பட்டது. இன்று அது உலகம் முழுவதும் தோப்புகளில் விடுவதற்காகவே பெருமளவில் வளர்க்கப்படுகிறது. யாரும் உற்றுப் பார்க்காததால் அரை நூற்றாண்டு வீணானது.

மரவள்ளியின் கதை சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு நெருக்கமானது. 1970களின் தொடக்கத்தில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி ஒன்று, கோடிக்கணக்கானோரின் உணவான மரவள்ளியை அழித்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடி முதலில் போனவர்கள் தென்னமெரிக்காவின் வடபகுதியில் அதே மாதிரியான மாவுப்பூச்சியையும் அதன் குளவிகளையும் கண்டார்கள். கொண்டுவந்து விட்டால், அந்தக் குளவிகள் ஆப்பிரிக்க மாவுப்பூச்சியின்மேல் வளரவில்லை. நுணுக்கமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் வேறு இனங்கள். சரியான மாவுப்பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது. அதனோடு அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தது. நைஜீரியாவில் தொடங்கி ஆப்பிரிக்காவின் மரவள்ளி வயல்கள் முழுவதும் அது பரப்பப்பட்டது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் தென்பட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அதே குளவி 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

பப்பாளி மாவுப்பூச்சியும் அப்படித்தான். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்டு, கொல்லைப் பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி என்று எதையும் விடாமல் வெள்ளை பூசியது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவி இனங்கள் வந்தன. மூன்றில் வென்றது அசிரோபேகஸ் பப்பாயே. அந்தக் குளவிக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2003இல்தான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே யாரோ ஒருவர் நுண்ணோக்கியின் அடியில் வைத்து அதைத் தனி இனமென்று பிரித்து எழுதியிருந்ததால்தான், எதை வரவழைக்க வேண்டும் என்று இங்கே கேட்க முடிந்தது. இன்றும் பப்பாளி இலையின் அடியில் வீங்கிப் பழுப்பேறி, ஓரத்தில் வட்டத் துளையோடு கிடக்கும் மாவுப்பூச்சிகளைப் பார்க்கலாம். துளை வழியே வெளியேறியது 1 மி.மீ.க்கும் சிறிய அந்தக் குளவி.

இனி, தோட்டத்தில் புதிதாக ஒரு குளவியைப் பார்த்தவர் செய்யக்கூடியது. கைப்பேசியில் மேலிருந்து எடுத்த ஒரே படம் பெரும்பாலும் போதாது. பக்கவாட்டில் ஒன்று வேண்டும். இடுப்பும் பின்னந்தொடையும் ஊசியும் அதில்தான் தெரியும். முகத்துக்கு நேராக ஒன்று, இறக்கை விரிந்த நிலையில் ஒன்று. அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்பு: எந்தச் செடி, இலையின் எந்தப் பக்கம், எதைத் தட்டிப் பார்த்தது, எங்கே ஊசியை இறக்கியது.

படத்தையும் மிஞ்சியது வளர்த்துப் பார்ப்பது. எலுமிச்சை அல்லது கறிவேப்பிலைச் செடியிலிருந்து வண்ணத்துப்பூச்சிப் புழுவையோ கூட்டுப்புழுவையோ எடுத்து, வாயில் மெல்லிய துணி கட்டிய பாட்டிலில் வைத்தால், வண்ணத்துப்பூச்சி வராமல் குளவி வரும் நாளும் உண்டு. புழுவின் உடலில் வெள்ளை நூற்கூடுகள் ஒட்டியிருந்தால் அவை புழுவின் முட்டைகள் அல்ல. புழுவின் உள்ளே வளர்ந்து தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டிய பிரகானிட் குளவிகள். துணியில் நூல் விலகல் பெரிதாக இருந்தால் குளவிகள் வெளியேறிவிடும். நெருக்கமான நெசவு வேண்டும். ஈரம் கோத்துக்கொண்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகும்.

தேனீக் கூட்டுக்கு மூங்கில் துண்டுகள் போதும். சுண்டுவிரல் நுழையும் அளவு துளையுள்ளவற்றைக் கணுவுக்கு அப்பால் வெட்டி, ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும்படி கட்டாகக் கட்டி, மழைபடாத சுவரோரம் தொங்கவிட்டால் இலைவெட்டித் தேனீக்கள் குடியேறும். அவற்றின் பின்னால் லியூகோஸ்பிஸ் மட்டுமல்ல, பச்சை நீலத்தில் மின்னும் குயில் குளவிகளும், தேனீப் புழுவைத் தின்னும் ஈக்களும் வரும். அடைத்த துண்டைத் தனியே ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்து, எந்த நாளில் அடைபட்டது, எந்த நாளில் எது வெளிவந்தது என்று எழுதி வைக்க வேண்டும். இறந்த குளவியை ஆல்கஹாலில் இட்டு, ஊர், தேதி, செடி, ஓம்புயிரி ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டை அதே குப்பிக்குள் போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை போன்ற இடங்களில் இந்தக் குளவிகளைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

குளவி வெளியேறிய பிறகு மூங்கிலைப் பிளந்து காலி அறையையும் அதே குப்பியோடு வைக்க மறக்கக் கூடாது. இலைத் துண்டுகளின் வெட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மகரந்தத் துகள்கள், தேனீப் புழு நூற்ற பட்டுக் கூடு, அதற்குள் வற்றிச் சுருங்கிய தோல் எல்லாம் அங்கே இருக்கும். உள்ளே இருந்தது எந்தத் தேனீ என்று தேனீக்களை ஆராய்கிறவர் அவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியும்.